டைம்கீப்பர் வீட்டு மீன்தொட்டி

வெயில் காலத்தில் எனக்கு ஃபோன் செய்கிறவர்கள் யாரும் நலம் விசாரிப்பதில்லை. எடுத்த எடுப்பில் “எப்ப வர்றீங்க?” என்பார்கள். மழைக்காலத்தில் அதே ஆள் எதிரே வந்தால் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டான். ஃப்ரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக்கின் பிழைப்பு அவ்வளவுதான். பதினெட்டு வருடத்தில் இது பழகிப்போயிருக்க வேண்டும். எனக்குப் பழகவில்லை, ஒவ்வொரு வருடமும் புதிதாக எரிச்சல் வருகிறது.

அந்த வருடம் வெயில் ஆளை அடித்துப் போட்டது. பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும். டெப்போ நாய்கள் நிற்கிற பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பஸ் கிளம்பினால் எழுந்து, சோம்பல் முறித்து, அடுத்த பஸ்ஸுக்கு அடியில் போகும். என் பட்டறைக்குத் தகரக் கூரை. உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு நாளில் பத்தரை மணிக்கு டைம்கீப்பர் கூப்பிட்டார்.

“தம்பி, பத்து பத்துக்கு ஒரு மெஷின் நின்னுபோச்சு. நீங்க எத்தனை மணிக்கு வருவீங்க?”

“என்ன மெஷின் சார்? ஃப்ரிட்ஜா?”

“இல்ல. மீன்தொட்டித் தண்ணியக் குளிர வைக்கிற மெஷின், சில்லர்.”

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். “மீனுக்கே ஏ.சி.யா? அடுத்த பிறவியில உங்க வீட்டு மீனாப் பொறக்கணும் சார்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “பதினொண்ணு இருபதுன்னு வெச்சுக்கலாமா?” என்றார்.

டெப்போவில் முப்பது வருடம் டைம்கீப்பராக இருந்தவர். ஒரு பஸ் ஒரு நிமிடம் தாமதமாகக் கிளம்பினாலும் டிரைவரை ஜன்னலுக்குக் கூப்பிட்டுக் காரணம் கேட்டு எழுதிக்கொள்வாராம். ரிட்டயர் ஆகி நாலு வருடம் ஆகியும் தெருவுக்கு அவர் டைம்கீப்பர்தான். அவர் மனைவி பள்ளிக்கூடத்து லேப் உதவியாளராக இருந்தவர், அதனால் லேப் அம்மா. ஒரே மகள் வெளிநாட்டில். இவ்வளவுதான் எனக்கு அப்போது தெரியும்.

நான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று நாற்பது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் தட்டக் கையைத் தூக்குவதற்குள் திறந்துவிட்டார்.

“இருபது நிமிஷம் லேட்.”

“டிராஃபிக் சார்.”

“உங்க பட்டறை இந்தத் தெரு முனையிலதானே இருக்கு?”

நான் செருப்பைக் கழற்றினேன். உள்ளே போனேன். அறையின் ஒரு சுவர் முழுக்கத் தொட்டி. ஆறடி நீளம். அறுநூறு லிட்டர் உப்புத் தண்ணீர் என்றார். கல்லும் பவளமுமாக ஒரு சின்ன மலைத்தொடர், அதற்குள் ஏழு மீன்கள். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி ஒன்று, சுண்டுவிரல் அளவில் மூன்று நீலம், எலுமிச்சம்பழ நிறத்தில் ஒரு குட்டி, உள்ளங்கை அகலத்துக்கு நீலமும் மஞ்சளும் வரிவரியாக ஓடுகிற பெரியது ஒன்று. தொட்டிக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. டி.வி. சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

“அந்தப் பெரியவரு யாரு சார்?”

“அவன் பேரு மாப்பிள்ளை. என் வீட்டுக்காரி வெச்ச பேரு. சாப்பாடு போட்டா உடனே வரமாட்டான். முகத்தத் திருப்பிக்குவான். ரெண்டு தடவை, மூணு தடவை கூப்பிட்டு உபசாரம் பண்ணினாத்தான் வருவான். பதினோரு வருஷமா இதே பிகுதான்.”

தொட்டி மேல் ஒட்டியிருந்த சின்னப் பெட்டியில் சிவப்பு எண்கள் எரிந்தன. இருபத்தெட்டு புள்ளி நான்கு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து ஆனது. அதற்குக் கீழே லேப் அம்மாவின் கையெழுத்தில் ஒரு தாள்: இருபத்தேழு சரி. முப்பது ஆபத்து. முப்பத்திரண்டு போனால் யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

மெஷினைப் பிரித்துப் பார்த்தேன். கம்ப்ரஸர் கருகியிருந்தது. அந்த மாடலுக்கு உள்ளூரில் ஸ்பேர் கிடையாது. இரண்டு கடைக்கு அங்கிருந்தே ஃபோன் போட்டேன். வெளியூரிலிருந்து வரவழைக்க நாலு வாரம் ஆகும் என்றார்கள்.

“நாலு வாரமா?” டைம்கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “வெயில் இன்னும் ஏழு வாரம் இருக்கு தம்பி.”

“ஏன் சார் இப்படிப் பதறுறீங்க? மீனுதானே? செத்தா வேற வாங்கிக்கலாம்.”

சொல்லியிருக்கக் கூடாது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபப்படவும் இல்லை அவர். மெதுவாகத்தான் சொன்னார்.

“மகளுக்குப் பிரசவம்னு மூணு மாசத்துக்குப் போனா. எட்டு மாசம் ஆச்சு. டிக்கெட்ட ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. தினம் பதினாறு மணிக்கு, அதான் சாயங்காலம் நாலு மணிக்கு, ஃபோன் வரும். வீடியோவுல மொதல்ல மீனக் காட்டச் சொல்லுவா. ஒவ்வொண்ணாக் கூப்பிட்டுப் பார்ப்பா. எல்லாம் பார்த்து முடிச்ச பிறகு, ‘நீங்க எப்படி இருக்கீங்க?’ம்பா. ‘நல்லா இருக்கேன்’னுவேன். வெச்சிடுவா. இந்த மீனுங்க இல்லேன்னா அவ எதுக்குத் தம்பி கூப்பிடணும்? எதுக்குத் திரும்பி வரணும்? எனக்காகவா?”

என் வீட்டில் ஐந்து பேர். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. இந்த வீட்டில் தண்ணீர் சலசலப்பதைத் தவிர வேறு சத்தமே இல்லை. அதுவரை இருந்த என் கிண்டல் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“சரி, எழுந்திரிங்க சார். வீட்ல எத்தனை ஃபேன் இருக்கு?” என்றேன்.

குளிர் வைப்பது என் தொழில். மெஷின் இல்லாமலும் வைக்கலாம். வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் ஜில்லென்று இருக்கிறதில்லையா, அதே கதைதான். தண்ணீரின் மேற்பரப்பில் காற்றை அடித்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். தொட்டியின் கண்ணாடி மூடிகளைக் கழற்றினேன். வீட்டில் இருந்த இரண்டு மேசை விசிறிகளோடு என் பட்டறையிலிருந்து இரண்டு கொண்டுவந்து, நான்கையும் விளிம்பில் சாய்த்துக் கட்டினேன். மேற்கு ஜன்னலில் கெட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு, ஈரக்காற்று வெளியே போகப் பின்கதவைத் திறந்து வைத்தேன். தொட்டி விளக்கை அணைத்தேன். இரண்டு மணிக்கு எண் இருபத்தொன்பது புள்ளி இரண்டில் நின்றது. மூன்று மணிக்கு இருபத்தெட்டு புள்ளி ஒன்பது. டைம்கீப்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை குளிர்ந்திருந்தது, தொட்டிக்குள் விட்டுவிட்டு எடுத்த கை.

கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். “தண்ணி மளமளன்னு குறையும் சார். ஒரு நாளைக்குப் பத்து லிட்டர்கூடக் குறையலாம். எவ்வளவு குறையுதோ அவ்வளவு ஊத்திடுங்க. மட்டம் இறங்கவே கூடாது.”

“இறங்காது” என்றார் டைம்கீப்பர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. போகிற வழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது மாடி யாருக்கும் போகிற வழியாக இருக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் நான் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. மனுஷன் படிக்கட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அவர் வேலை பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். காற்று மட்டும் போதாமல் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை ஐஸ் பாட்டில்களும் மிதக்கவிட வேண்டியிருந்தது. பன்னிரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீஸரில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி ஒட்டினார். சமையலறைச் சுவரில் ஒரு அட்டவணை: ஒன்றாம் நம்பர் புறப்பாடு பன்னிரண்டு பத்து, திரும்பி வருகை பன்னிரண்டு ஐம்பது. இரண்டாம் நம்பர் புறப்பாடு பன்னிரண்டு முப்பது. திரும்பி வந்த பாட்டில் ஃப்ரீஸரில் எட்டு மணி நேரம் ஓய்வு.

“அஞ்சாம் நம்பர் லேட்டு” என்றார் ஒருநாள் ரொம்ப வருத்தத்தோடு. “ஃப்ரீஸர்ல சரியா உறையல.”

“சஸ்பெண்ட் பண்ணிடுங்க சார்.”

அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே போய் எனக்கு ஒரு டீ போட்டுக் கொண்டுவந்தார். டீயில் சர்க்கரை இல்லை. போட மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் சமையலறைக்குள் போனபோது பார்த்தால் சர்க்கரை டப்பா, டீத்தூள் டப்பா, அரிசி டப்பா எல்லாம் அடி தட்டியிருந்தது. பாதி ரொட்டியும் அவித்த முட்டை இரண்டும் மூடி வைத்திருந்தது. தொட்டியை விட்டுக் கடைக்குப் போய் ஐந்து நாள் ஆகிவிட்டதாம். போகிற நேரத்தில் கரண்ட் போய் ஃபேன் நின்றுவிட்டால் என்ன செய்வது என்றார். மீன் தீனி மட்டும் மூன்று பாக்கெட் பிரிக்காமல் அடுக்கியிருந்தது. நான் திட்டிவிட்டுக் கீழே போய் எல்லாம் வாங்கி வந்து வைத்தேன்.

பதினாறு மணிக்கு ஃபோன் வந்தது. நான் ஒதுங்கி நின்றேன். டைம்கீப்பர் ஃபேனை எல்லாம் நிறுத்தி, நாற்காலிக்குப் பின்னால் ஒளித்து, கண்ணாடி மூடிகளைப் போட்டுவிட்டுத்தான் எடுத்தார்.

“மாப்பிள்ளை எங்க? பக்கத்துல காட்டுங்க. ஏன் லைட்டு போடல?”

“கரண்ட் மிச்சம் புடிக்கலாம்னு.”

“என்னங்க அது, எண்ணு இருபத்தெட்டு காட்டுது? சில்லர் ஓடுதில்ல?”

“ஓடுது, ஓடுது. வெளிய வெயில் ஜாஸ்தி.”

“பாத்துக்கங்க. நீங்க எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன்.”

லேப் அம்மா வைத்துவிட்டார். மொத்தம் இரண்டு நிமிடம். டைம்கீப்பர் ஃபேன்களை மறுபடி தூக்கிக் கட்ட ஆரம்பித்தார். நான் கயிற்றை எடுத்துக் கொடுத்தேன்.

பன்னிரண்டாவது நாள் மஞ்சள் குட்டி செத்துவிட்டது.

நான் போனபோது அதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரோடு வைத்திருந்தார். எண் இருபத்தேழு புள்ளி ஆறு. சூடு இல்லை. மட்டமும் கோடு போட்ட இடத்தில் கச்சிதமாக நின்றது. ஆனால் மாப்பிள்ளை மேலே வந்து ஒரு மூலையில் சாய்ந்து, செவுளை வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தான். ஆரஞ்சு ஜோடி கல்லுக்கடியில் பதுங்கிவிட்டது. பவளம் எல்லாம் சுருங்கிப்போயிருந்தது.

“இருபத்தேழுலதான் வெச்சிருக்கேன் தம்பி. மொத நாளுக்கப்புறம் ஒரு நாள்கூட இருபத்தொன்பதத் தாண்ட விடல. எழுதி வெச்சிருக்கேன், பாருங்க.” நோட்டை நீட்டினார். அரை மணிக்கு ஒரு முறை, பன்னிரண்டு நாள், பக்கம் பக்கமாக எண்கள். “எங்க தப்பு நடந்துச்சுன்னே தெரியல.”

எனக்கும் தெரியவில்லை. குளிர் என் தொழில், மீன் என் தொழில் இல்லை. “அம்மாகிட்டச் சொல்லுங்க சார்” என்றேன்.

“மாட்டேன்.”

“அப்ப மிச்சத்தையும் கொல்லப் போறீங்களா?”

“தம்பி!”

“என்ன சார் தம்பி? அவங்க பதினோரு வருஷம் பார்த்தவங்க. நீங்களும் நானும் என்னத்தக் கண்டோம்? பொய் சொல்லிச் சொல்லி என்ன ஆகப் போகுது?”

கத்திவிட்டேன். வயதில் பெரியவரிடம் அப்படிப் பேசியது தப்புதான். அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

பதினாறு மணிக்கு அவர் ஃபேனை நிறுத்தவில்லை.

“என்ன சத்தம் அது?” என்றார் லேப் அம்மா. “என்னங்க, தொட்டிக்கு மூடி எங்க? மஞ்சளையே காணோம். குட்டி எங்க?”

“குட்டி போயிடுச்சும்மா.” அவர் மனைவியை அம்மா என்று கூப்பிட்டு நான் கேட்டது அப்போதுதான். “சில்லர் எரிஞ்சு பன்னெண்டு நாள் ஆச்சு. உங்கிட்ட மறைச்சுட்டேன்.”

அந்தப் பக்கம் எங்கோ தள்ளி ஒரு குழந்தை சிணுங்கியது. திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் குரல் பள்ளிக்கூடத்து லேபில் பேசுகிற மாதிரி நிதானமாக வந்தது.

“ஃபோன விளிம்புகிட்டக் கொண்டு போங்க. இன்னும் பக்கத்துல. அந்த வெள்ளையா ஒட்டியிருக்கே, அது என்ன?”

நான் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி விளிம்பு முழுக்க, ஃபேன் கம்பியில்கூட, வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. வரும்போதெல்லாம் பார்த்ததுதான். தூசி என்று நினைத்திருந்தேன்.

“உப்பு” என்றார் லேப் அம்மா. “குறையுற தண்ணிக்கு என்ன ஊத்துனீங்க?”

“நீ சொல்லிக்குடுத்த மாதிரிதான். வாளிக்கு இத்தனை பாக்கெட்டுன்னு உப்பு கலந்து, நல்லாக் கலக்கி, ஒரு மணி நேரம் வெச்சு...”

“தினமுமா?”

“தினமும். பத்து லிட்டர். கொறைஞ்சது உப்புத் தண்ணி, அதான் உப்புத் தண்ணியே ஊத்துனேன். எது போச்சோ அதத்தானே வெக்கணும்?”

“ஐயோ, என்னங்க நீங்க!” என்றார் லேப் அம்மா. “தண்ணிதாங்க ஆவியாப் போகும். உப்பு எங்க போகும்? அது உள்ளேயேதானே இருக்கும்? அதுக்கு மேல தினம் தினம் உப்பக் கொட்டியிருக்கீங்க. குடிக்கிற தண்ணியத்தான் ஊத்தணும். யாரு சொன்னது இப்படி ஊத்தச் சொல்லி?”

டைம்கீப்பர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தொட்டியைப் பார்த்தபடி நின்றார். நானே முன்னால் போனேன்.

“நான்தாம்மா. மெக்கானிக். எவ்வளவு குறையுதோ அவ்வளவு ஊத்துங்கன்னு சொன்னேன்.”

“எந்தத் தண்ணின்னு சொன்னீங்களா?”

“சொல்லலம்மா.”

என் பதினெட்டு வருடச் சர்வீஸில் இவ்வளவு சின்னதாக நான் உணர்ந்ததில்லை. பன்னிரண்டு நாளும் அந்த மனுஷன் வாளி வாளியாக, ஒரு சொட்டுச் சிந்தாமல், தன் மீன்களைத் தானே உப்பில் ஊறவைத்திருக்கிறார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

லேப் அம்மா வேலை சொல்ல ஆரம்பித்தார். அவருடைய மேசை இழுப்பறையில் உப்பளக்கிற சின்னப் பெட்டி இருந்தது. அப்படி ஒன்று வீட்டில் இருப்பதே டைம்கீப்பருக்குத் தெரியாது. தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றினால் முள் இருபத்தைந்தில் நிற்க வேண்டும். கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

“ஒரேயடியா மாத்தினா அதுவே கொன்னுடும். ஒரு வாளி எடுங்க, ஒரு வாளி நல்ல தண்ணி ஊத்துங்க. சொட்டுச் சொட்டா. நாலு மணி நேரம் பொறுங்க. அப்புறம் இன்னொரு வாளி. ஒவ்வொரு தடவையும் முள்ளு எங்க நிக்குதுன்னு எனக்குச் சொல்லணும்.”

“சொல்றேன்.”

“தம்பி, உங்க நம்பரையும் குடுங்க. இவரு மறுபடி மறைச்சார்னா நான் உங்களக் கூப்பிடுவேன்.”

மூன்று நாள் வாளி சுமந்தோம். நான் கீழே கடையிலிருந்து குடிதண்ணீர் கேன்களை மூன்று மாடி ஏற்றினேன். யாரும் கேட்கவில்லை, என் தப்புக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை. டைம்கீப்பர் மெல்லிய குழாய் வைத்து ஒரு வாளியை முக்கால் மணி நேரம் இறக்கினார். ஃபோனை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார். அந்தப் பக்கம் லேப் அம்மா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடியே பார்த்தார். தண்ணீர் சொட்டுகிற நேரத்தில் சும்மா எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? பேச்சு எப்படியோ மீனை விட்டு நகர்ந்துவிட்டது.

“மூட்டு வலி எப்படி இருக்கு உனக்கு?”

“இங்க குளிர்ல ஜாஸ்தியாத்தான் இருக்கு. நீங்க என்ன சாப்பிட்டீங்க?”

“ரொட்டி.”

“நேத்து?”

“ரொட்டி.”

“பல்லு இருக்கா, அதையும் ரொட்டி எடுத்துக்கிச்சா?”

டைம்கீப்பர் சிரித்தார், குழாய் ஆடித் தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது. அந்தப் பக்கமும் சிரிப்பு. நான் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போனால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று தோன்றியது. கேன் கனத்தது. இருந்தாலும் நின்றேன்.

நான்காவது நாள் முள் இருபத்தாறுக்கு வந்தது. மாப்பிள்ளை மூலையை விட்டு வெளியே வந்தான். டைம்கீப்பர் தீனியைத் தூவி, “வாடா, வாடா மாப்பிள்ளை” என்று கெஞ்சினார். முகத்தைத் திருப்பிக்கொண்டான். “திருப்பிட்டான்! பிகு பண்றான்!” என்று அந்தப் பக்கம் லேப் அம்மா கத்தினார். மூன்றாவது உபசாரத்தில் வந்து தின்றான். எனக்கே கண் கலங்கிவிட்டது, ஒரு மீன் சாப்பிட்டதற்கு.

அதன் பிறகு ஃபோன் பதினாறு மணிக்குக் காத்திருக்கவில்லை. காலையில் ஒரு தடவை, பாட்டில் புறப்படும்போது ஒரு தடவை, முள் பார்க்கும்போது, தீனி போடும்போது. எண்ணைக் கேட்டுவிட்டு அரை மணி நேரம் பேசுவார்கள். நான் போவதையும் குறைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் நான் தட்டிய பிறகுதான் கதவு திறந்தது.

நாலு வாரம் என்றவன் ஐந்தாவது வாரம் ஸ்பேரை அனுப்பினான். முதல் நாளே டைம்கீப்பருக்கு ஃபோனில் சொல்லிவிட்டேன். மறுநாள் மத்தியானம், உள்ளங்கால் கொதிக்கிற வெயிலில், பத்து கிலோ கம்ப்ரஸரைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறினேன். கதவைப் பாதிதான் திறந்தார்.

“உள்ள வரலாமா சார்?”

“தம்பி, இத இப்ப மாட்ட வேண்டாமே.”

“என்னது?”

“ஸ்பேர் இன்னும் வரலைன்னு வெச்சுக்கங்களேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “சார், விளையாடுறீங்களா? இதுக்காக நான் எத்தனை பேருகிட்டத் தொங்கியிருக்கேன் தெரியுமா? தினம் பன்னெண்டு பாட்டில் மாத்தி, வாளி தூக்கி, ராத்திரி சரியாத் தூங்காம, கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு உங்களுக்கு. கண்ணாடியில பாருங்க.”

“நேத்துச் சொன்னா,” என்றார் அவர் கதவைப் பிடித்துக்கொண்டே. “‘நீங்க நல்லாக் கத்துக்கிட்டீங்க. மெஷினும் வந்துட்டா எனக்குக் கவலையே இல்ல. பொண்ணும் வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டா. நான் இங்க இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வரேன்’னா. சரின்னுட்டேன். வேற என்ன சொல்றது, அங்க குழந்தைய யாரு பார்ப்பா? அவ இருக்கட்டும். ஆனா இந்த மெஷின மாட்டிட்டா அது பார்த்துக்கும் தம்பி. எண்ணு இருபத்தேழுலேயே நிக்கும். தினமும் அதையே சொல்றதுக்கு அவ எதுக்குக் கூப்பிடணும்? பழையபடி ரெண்டு நிமிஷம் ஆயிடும்.”

“நீங்களே கூப்பிட்டுப் பேசுங்க சார். பொண்டாட்டிகிட்டப் பேச மீன் வேணுமா?”

“என்னத்தப் பேச?” என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். “எனக்கு வராது தம்பி.”

நான் கம்ப்ரஸரைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு திட்டினேன். கிழவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது, இனி இந்த வாசலை மிதிப்பதில்லை, நாளைக்கே அந்த அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன், இப்படியெல்லாம். பைக்கின் சீட் தொட முடியாமல் கொதித்தது. கம்ப்ரஸரைப் பின்னால் வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. லேப் அம்மாதான்.

“தம்பி, மெஷின் வந்துடுச்சா? இவரக் கேட்டா மழுப்புறாரு. நீங்களாவது உண்மையச் சொல்லுங்க.”

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். மூன்றாவது மாடியைப் பார்த்தேன். போர்வை தொங்குகிற ஜன்னல்.

“இல்லம்மா,” என்றேன். “இன்னும் வரல.”

“அப்பாடா” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “என்னம்மா?”

“தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி. அவரு அங்க கஷ்டப்படுறது தெரியுது. ஆனா முப்பத்தோரு வருஷத்துல அந்த மனுஷன் எங்கிட்ட மணி எத்தனைன்னு சொல்லியிருக்காரு, மத்தபடி பேசினதில்ல. இந்த மூணு வாரமாத்தான் பேசுறாரு. மெஷின் வந்துட்டா ‘எல்லாம் சரியா இருக்கு’ன்னு சொல்லி வெச்சிடுவாரு, எனக்குத் தெரியாதா? இங்க பொண்ணும் அவ வீட்டுக்காரரும் காலையில போனா இருட்டினப்புறம்தான் வர்றாங்க. குழந்தை தூங்கிடுச்சுன்னா இந்த வீட்ல பேச ஆள் கிடையாது தம்பி. ஜன்னலத் திறந்தாலும் ஒரு மனுஷக் குரல் கேக்காது. எனக்கும் எங்கயாவது பேசணும்ல?”

கயிற்றின் முனையைப் பிடித்தபடி நின்றேன். எதிரே டெப்போவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பியது.

“அவருகிட்டச் சொல்லிடாதீங்க” என்றார் லேப் அம்மா. “வெக்கமா இருக்கு. அந்த ஸ்பேர் வர இன்னும் நாளாகுமா?”

“ஆகும்மா,” என்றேன். “எங்க பக்கம் எதுதான் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கு? மழை புடிக்கிற வரைக்கும் வராதுன்னே வெச்சுக்கங்க.”